கேட்கும் காதும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளும்

நம் வீடுகளில் ஒரு பிள்ளை பிறந்ததும் செய்கின்ற முதற் காரியம், அதன் வலது காதில் பாங்கு சொல்வதாகும். கண்ணைச் சரியாகத் திறக்காத, உம்மாவின் முகத்தைக்கூட இன்னும் அடையாளம் தெரியாத அந்தச் சிசுவுக்கு நாம் முதன்முதலில் கொடுப்பது ஓர் ஓசையைத்தான். அல்குர்ஆனிலும் கேள்விப்புலனும் பார்வைப்புலனும் சேர்த்துச் சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் கேள்விப்புலனே முதலில் வருகிறது என்பதை எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியை ஒருமுறை எடுத்துக் காட்டினார். அன்று அதைக் குறிப்புக் கொப்பியில் எழுதினேனே தவிர, அதிகம் சிந்திக்கவில்லை.

சிந்திக்க வைத்தவன் என் சாச்சியின் மகன். அவன் பிறந்தபோது உம்மாவின் வாப்பாதான் பாங்கு சொன்னார். பிள்ளை அசையாமல் கிடந்தான். "நல்ல அமைதியான பிள்ளை" என்று எல்லோரும் மகிழ்ந்தோம். கதவை அடித்துச் சாத்தினால் திரும்பிப் பார்ப்பான். ஆகவே காது கேட்கிறது என்றே நம்பினோம். அவன் உணர்ந்தது கதவின் சத்தத்தை அல்ல, நிலத்தில் பரவிய அதிர்வை என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. இரண்டு வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. "ஆம்பிளைப் பிள்ளைகள் பிந்தித்தான் பேசுவார்கள்", "அவனுடைய வாப்பாவும் அப்படித்தான்" என்று ஆளுக்கொரு சமாதானம் சொன்னோம். அவனுக்கு இரு காதுகளிலும் கேட்டல் குறைபாடு இருப்பது தெரியவந்தபோது வயது இரண்டரை.

காதுக்கருவி பொருத்திய பின், அவனுக்கு நான்கு வயதானபோது, மீள்பரிசோதனைக்குச் சாச்சியுடன் நானும் போனேன். ஒரு சிறிய, சத்தம் புகாத அறை. மேசையில் படங்கள். பரிசோதகர் ஒரு சொல்லைச் சொல்ல, பிள்ளை அதற்குரிய படத்தைத் தொட வேண்டும். "பந்து" என்றதும் தொட்டான். "மீன்" என்றதும் தொட்டான். "நாற்காலி" என்றார். அவன் பேசாமல் இருந்தான். மீண்டும் "நாற்காலி" என்றார். அவன் சாச்சியின் முகத்தைப் பார்த்தான். தாளில் ஒரு பிழை விழுந்தது.

எனக்கு நெஞ்சு பதறியது. காரணம், எங்கள் வீட்டில் நாற்காலி என்ற சொல்லே கிடையாது. எங்கள் வீட்டில் இருப்பது கதிரை. சாச்சி அதைச் சொன்னபோது பரிசோதகர் அன்பாகச் சிரித்துவிட்டு, "இது இந்தியாவில் தயாரித்த சொற்பட்டியல் தங்கச்சி, எங்களிடம் வேறு இல்லை" என்றார். அவன் அந்தச் சொல்லைக் கேட்கவில்லையா, அல்லது கேட்டும் அந்தச் சொல் அவனுக்குத் தெரியாதா? இரண்டும் வேறு வேறு. முதலாவது என்றால் கருவியைத் திருத்த வேண்டும். இரண்டாவது என்றால் பட்டியலைத் திருத்த வேண்டும். கருவியைத் திருத்தத் தெரிந்தவர் அந்த அறையில் இருந்தார். பட்டியலைத் திருத்துபவர் யார்? அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது அறிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செவிப்புலவியல் என்னும் துறை

ஓசை என்பது காற்றில் வரும் அதிர்வு. அது செவிப்பறையை அதிரச் செய்கிறது. செவிப்பறைக்குப் பின்னாலுள்ள மூன்று சிறிய எலும்புகள் அந்த அதிர்வை உட்காதுக்குக் கடத்துகின்றன. உட்காதில் நத்தையின் ஓடு போலச் சுருண்டிருக்கும் உறுப்பில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. அவைதாம் அதிர்வை மின் செய்தியாக மாற்றி நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன. நமது தோல் காயப்பட்டால் ஆறும், எலும்பு முறிந்தால் பொருந்தும். மனிதரின் மயிர்க்கலமோ அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் மருந்தும் சத்திர சிகிச்சையும் செய்வார். செவிப்புலவியலாளர் செய்வது வேறு. எந்த அளவு கேட்கிறது, எந்தச் சுருதியில் கேட்கவில்லை, பழுது நடுக்காதிலா, உட்காதிலா, நரம்பிலா என்று அளந்து அறிவது, பொருத்தமான கருவியைத் தெரிந்து அந்தக் காதுக்கேற்பச் சீராக்குவது, பின்னர் அந்த மனிதர் மீண்டும் உரையாடப் பழகும் வரை கூட இருப்பது ஆகியவை அவருடைய பணிகள்.

இந்தப் பணி எத்தனை பேருக்குத் தேவை? உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கேட்டல் பற்றிய உலக அறிக்கையின்படி 43 கோடிக்கும் அதிகமான மக்களுக்குக் கேட்டல் தொடர்பான புனர்வாழ்வுச் சேவை தேவைப்படுகிறது. 2050ஆம் ஆண்டளவில் இது 70 கோடியைத் தாண்டும். இவர்களில் பெரும்பான்மையோர் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கின்றனர். அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: சிறுவர்களிடம் காணப்படும் கேட்டல் இழப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது.

எப்படித் தடுப்பது என்பதை ஒருவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் ஆய்வு.

ஒரு காத்திருப்பு அறையில் தொடங்கிய கண்டுபிடிப்பு

ஆய்வு என்றால் வெள்ளை மேலங்கி, கண்ணாடிக் குழாய், பெரிய இயந்திரம் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். 1941இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நோர்மன் கிரெக் என்ற கண் வைத்தியரிடம் இருந்தது ஒரு காத்திருப்பு அறை மட்டுமே. பிறக்கும்போதே கண்ணில் வெண்படலம் உள்ள குழந்தைகள் வழமைக்கு மாறாக அதிகம் வருவதை அவர் கவனித்தார். தாய்மார் தமக்குள் பேசிக்கொள்ளும்போது, கர்ப்பகாலத்தில் ஜேர்மன் சின்னமுத்து வந்ததைச் சொன்னது அவர் காதில் விழுந்தது என்பார்கள். அவர் அந்தப் பேச்சைப் பெண்களின் கதை என்று தள்ளிவிடவில்லை. ஒவ்வொரு தாயையும் விசாரித்தார், எண்ணினார், எழுதி வெளியிட்டார். ருபெல்லா எனப்படும் அந்த நோய் கருவிலுள்ள குழந்தையின் காதையும் தாக்கிக் கேட்டலைப் பறிக்கும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

அந்தக் காத்திருப்பு அறைக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. பின்னர் ருபெல்லாவுக்குத் தடுப்பூசி உருவாகியது. இலங்கையில் அது 1996இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. நம் தாய்மாரில் பலர் பாடசாலை மாணவிகளாக வரிசையில் நின்று போட்டுக்கொண்ட ஊசிகளில் அதுவும் ஒன்று. 2020இல் இலங்கை ருபெல்லாவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இதனால் கேட்டலை இழக்காமல் பிறந்த பிள்ளைகள் யார் யார் என்று நம்மால் சுட்டிக் காட்ட முடியாது. அவர்கள் நம் வகுப்பிலேயே அமர்ந்திருக்கலாம். நல்ல ஆய்வின் பயன் பல வேளைகளில் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

காதே ஓசை எழுப்பும்!

பிறந்து இரண்டு நாளான பிள்ளையிடம் "கேட்கிறதா?" என்று கேட்டுப் பதில் பெற முடியாது. அப்படியானால் எப்படிப் பரிசோதிப்பது?

1978இல் இலண்டனில் டேவிட் கெம்ப் என்ற பௌதிகவியலாளர் ஓர் அதிசயத்தைக் கண்டறிந்தார். நலமான காது ஓசையைக் கேட்பது மட்டுமல்ல, தானும் மிக மெல்லிய ஓசையை எழுப்புகிறது. காதுக்குள் ஒரு சிறு 'கிளிக்' ஒலியை அனுப்பினால், சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகளில் உட்காதின் மயிர்க்கலங்கள் ஒரு மெல்லிய எதிரொலியைத் திருப்பி அனுப்பும். அந்த மயிர்க்கலங்கள் பழுதடைந்திருந்தால் எதிரொலி வராது.

இந்தக் கண்டுபிடிப்பே புதிதாய்ப் பிறந்த குழந்தைகளுக்கான கேட்டல் பரிசோதனைக்கு வழி திறந்தது. தூங்கும் பிள்ளையின் காதில் மெதுவான ஒரு முனையை வைத்தால் போதும். ஊசியில்லை, வலியில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். எதிரொலி வராவிட்டால், அல்லது பழுது நரம்பில் இருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தால், தலையில் சிறிய மின்வாய்களை ஒட்டி, ஓசைக்கு மூளைத்தண்டு எழுப்பும் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இரண்டாவது பரிசோதனை இருக்கிறது.

ஆனால் பிறந்தவுடன் ஏன் பார்க்க வேண்டும்? இரண்டு வயதில் பார்த்தால் என்ன? இதற்கு விடை சொன்னவர் ஒரு பெண். அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த கிறிஸ்டின் யோஷினாகா இடானோவும் அவருடைய குழுவினரும் கேட்டல் குறைபாடுள்ள 150 பிள்ளைகளை ஆராய்ந்து 1998இல் முடிவை வெளியிட்டனர். அவர்களில் 72 பேரின் குறைபாடு ஆறு மாத வயதுக்குள் கண்டறியப்பட்டது. 78 பேருக்கு அதன் பின்னர். முதற் குழுவினரின் மொழி வளர்ச்சி தெளிவாக மேலோங்கி இருந்தது. குறைபாடு சிறிதா பெரிதா, பிள்ளை பழகியது பேச்சையா சைகை மொழியையா என்ற வேறுபாடுகளைத் தாண்டியும் இந்த உண்மை நின்றது. முதல் மாதத்தில் பரிசோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறாம் மாதத்துக்குள் உதவி என்று இன்று பல நாடுகள் பின்பற்றும் ஒழுங்குக்குப் பலம் சேர்த்தவை இப்படிப்பட்ட ஆய்வுகளே.

இதை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு மாதம் எங்கே, இரண்டரை வருடம் எங்கே! சாச்சியிடம் இதைச் சொல்லவேண்டாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனிப் பிறக்கிற பிள்ளைகளுக்காவது ஆகட்டும், எழுது" என்றார்.

சிகிச்சை அறையிலிருந்து ஆய்வுகூடத்துக்கு

செவிப்புலவியல் படித்தவர்கள் பெரும்பாலும் வைத்தியசாலையிலோ, தனியார் நிலையத்திலோ வேலைக்குச் சேர்கிறார்கள். அது மிக உயர்ந்த சேவை. அவர்களில் சிலராவது ஆய்வுக்கும் வரவேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். நோயாளியை அருகிலிருந்து பார்த்தவரிடம் எழும் கேள்வி, ஆய்வுகூடத்தில் மட்டும் இருப்பவரிடம் எழுவதில்லை.

கிரகாம் கிளாக் என்பவரை எடுத்துக்கொள்வோம். அவுஸ்திரேலியரான இவருடைய தந்தை ஒரு மருந்தாளர். கேட்டல் குறைபாடு உள்ளவர். கடைக்கு வருவோர் சொல்வது தந்தைக்குக் கேட்காமல் போவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர் கிளாக். அவர் படித்துக் காது, மூக்கு, தொண்டை சத்திர சிகிச்சை நிபுணரானார். நல்ல தொழில், நல்ல வருமானம். ஆனால் உட்காது முற்றாகப் பழுதடைந்தவர்களுக்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பது அவரை உறுத்தியது. 1960களின் பிற்பகுதியில் தொழிலை விட்டுவிட்டு மீண்டும் மாணவராகி, சிட்னிப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வில் இறங்கினார்.

பழுதடைந்த மயிர்க்கலங்களைத் தாண்டி நரம்பையே நேரடியாக மின்னால் தூண்டுவது அவருடைய எண்ணம். அதற்கு நத்தைச் சுருளுக்குள் மெல்லிய கம்பிகளை நெடுந்தூரம் செலுத்த வேண்டும். அது எப்படி என்று தெரியாமல் இருந்தபோது, 1977இல் கடற்கரையில் ஒரு சிப்பிச் சுருளுக்குள் புல்லின் தாளைச் செலுத்திப் பார்த்தார். நுனி வளைந்து கொடுப்பதாகவும் அடி சற்று உறுதியாகவும் இருந்தால் அது சுருளோடு சுருளாகப் போவதைக் கண்டார். 1978இல் மெல்பேணில் அவருடைய குழுவினர் பல மின்வாய்கள் கொண்ட உட்காதுக் கருவியை ஒருவருக்குப் பொருத்தினர். இத்தகைய கருவிகளால் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் இன்று ஓசையை உணர்கின்றனர்.

கிளாக்குக்குப் புல்லைக் காட்டியது கடற்கரைதான் என்றாலும், கேள்வியைக் கொடுத்தது தந்தையின் மருந்துக் கடை.

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போன வாகனம்

இதெல்லாம் பெரிய நாடுகளுக்குரிய காரியம் என்று சொல்லக்கூடும். ஆகவே பாக்குநீரிணைக்கு அப்பால் நம் மொழி பேசுகின்ற மண்ணில் நடந்ததைச் சொல்கிறேன்.

சென்னையில் போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் செவிப்புலவியலாளர்களான வித்யா ராம்குமார், ரூபா நாகராஜன் ஆகியோர் உள்ளிட்ட குழுவினர் ஒரு நடைமுறைச் சிக்கலைக் கையில் எடுத்தனர். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கேட்டல் பரிசோதனை செய்ய நிபுணர்கள் போதாது. நகரத்துக்கு வரச் சொன்னால் பலர் வரமாட்டார்கள். ஒரு நாள் கூலி போய்விடும், பஸ் செலவு வேறு. ஆகவே கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களைப் பழக்கினர். அவர்கள் வீடுகளுக்குச் சென்று, நான் மேலே சொன்ன எதிரொலிப் பரிசோதனையைச் செய்தனர். அதில் சந்தேகத்துக்குரிய பிள்ளைகளுக்கு மூளைத்தண்டுப் பரிசோதனை தேவை. அதற்குச் செய்மதித் தொடர்பு கொண்ட ஒரு வாகனம் சென்றது. மின்வாய்களை அங்குள்ளவர் ஒட்ட, பரிசோதனையை நகரத்தில் அமர்ந்திருந்த செவிப்புலவியலாளர் கணினி வழியே நடத்தினார்.

இதோடு நின்றிருந்தால் அது ஒரு நல்ல சேவை மட்டுமே. அவர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். தொலைவிலிருந்து செய்த பரிசோதனையின் பெறுபேறும் நேரில் செய்ததன் பெறுபேறும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதைக் கண்டு 2013இல் ஆய்விதழில் வெளியிட்டனர். சேவைக்கும் ஆய்வுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சேவை அன்று வந்த பிள்ளைக்கு உதவுகிறது. அதை அளந்து எழுதிவைத்தால், அவர்கள் ஒருபோதும் சந்திக்காத பிள்ளைகளுக்கும் அது உதவும்.

நம் நாட்டில் ஒவ்வொரு ஊருக்கும் குடும்ப நல உத்தியோகத்தர் இருக்கிறார். பிள்ளை பிறந்ததும் வீடு தேடி வருகிறார். தராசோடு வருகின்ற அவர், ஒருநாள் கேட்டல் பரிசோதனைக் கருவியோடும் வரமுடியுமா? அவருக்கு எத்தனை நாள் பயிற்சி தேவை? எத்தனை பிழைகள் நேரும்? வலிகாமத்தின் தோட்டங்களில் இறைப்பு இயந்திரம் ஓடும் சத்தத்தின் நடுவே பரிசோதனை சரிவருமா? இவை யாராவது ஆராய்ந்து விடை சொல்லவேண்டிய கேள்விகள்.

தமிழ்க் காதுக்குத் தமிழ்ச் சோதனை

இனி நாற்காலிக்கு, இல்லை, கதிரைக்குத் திரும்புவோம்.

வெறும் 'பீப்' ஒலியைக் கொண்டு செய்யும் சோதனைக்கு மொழி இல்லை. ஆனால் ஒருவர் பேச்சை எவ்வளவு விளங்கிக்கொள்கிறார் என்று பார்க்கச் சொற்கள் வேண்டும். அந்தச் சொற்களைக் கண்டபடி தெரிவுசெய்ய முடியாது. அந்த மொழியில் ஒவ்வோர் ஓசையும் எந்த அளவில் வருகிறதோ, அதே விகிதத்தில் பட்டியலிலும் வரவேண்டும். சொற்கள் எல்லாருக்கும் பழக்கமானவையாக இருக்கவேண்டும். இந்தியாவில் மைசூரில் 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தில், இந்திய மொழிகளுக்கு இப்படிப்பட்ட பட்டியல்களை அமைப்பது பல மாணவர்களின் முதுகலை ஆய்வாக இருந்திருக்கிறது. 1970களிலேயே தமிழுக்கும் அங்கே பட்டியல் அமைக்கப்பட்டது. பெரிய பேராசிரியர் அல்ல, ஒரு மாணவர் செய்த வேலை இன்றுவரை பயன்படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் சென்னைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் ஒன்றல்ல. அங்கே சோப்பு, இங்கே சவர்க்காரம். அங்கே ஜன்னல், இங்கே யன்னல். யாழ்ப்பாணத்துக்குள்ளேயே எங்கள் வீட்டுத் தமிழ் வேறு. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வாப்பா தெரியும், 'அப்பா' என்றால் பாட்டனாரை நினைக்கும். ராத்தா என்றால் ஓடிவரும், 'அக்கா' என்றால் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தேடும். இத்தனை வேறுபாடுகளையும் தாண்டி எல்லாப் பிள்ளைகளுக்கும் நீதியான ஒரு பட்டியலை அமைப்பது எப்படி? இதற்கு வெளிநாட்டுக் கருவி தேவையில்லை. தமிழ் தெரிந்த, காதைப் படித்த, பொறுமையுள்ள ஒருவர் தேவை.

தமிழின் இலக்கணமும் ஒரு கேள்வியை எழுப்புகிறது. 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்' என்ற மூன்றையும் சொல்லிப் பாருங்கள். வந்தவர் யார் என்பதைக் காட்டுவது கடைசி மெய்யெழுத்து மட்டுமே. பேசும்போது சொல்லின் இறுதியை நாம் மெதுவாகவே உச்சரிக்கிறோம். கேட்டல் குறைந்த பிள்ளைக்கு அந்த இறுதி மெய் நழுவிப் போனால், வந்தது ஆணா பெண்ணா, மரியாதைக்குரியவரா என்பதே நழுவிவிடும். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல வாக்கியத்தின் முன்னால் தனிச்சொல் இருக்கிறது. ஆங்கிலப் பேச்சை அடிப்படையாக வைத்து அமைத்த காதுக்கருவிச் சீராக்கம் தமிழின் சொல்லிறுதிகளுக்குப் போதுமா? மலை, மழை என்ற வேறுபாட்டை அது எவ்வளவு காப்பாற்றுகிறது? தமிழர் அல்லாத ஓர் ஆய்வாளருக்கு இந்தக் கேள்வி தோன்றுவதே அரிது.

நம் மண்ணுக்கே உரிய வேறு கேள்விகளும் உண்டு. யுத்த காலத்தில் ஷெல் வெடிப்பின் அருகே இருந்தவர்கள் எத்தனை பேர்! வெடிப்பின் அமுக்கம் செவிப்பறையைக் கிழிக்கும், மயிர்க்கலங்களையும் அழிக்கும். "அந்த நாளிலிருந்து இந்தக் காதில் ஓர் இரைச்சல்" என்று சொல்லும் மூத்தவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களை யாராவது முறையாக அமர்த்தி, அளந்து, எழுதிவைக்க வேண்டும். அரிசி ஆலைகளிலும் மர ஆலைகளிலும் நாள் முழுக்க நிற்பவர்களின் காதுகளையும் பார்க்கவேண்டும். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பது காதுக்குத் தீங்கு என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை.

இன்னொன்றைத் தயக்கத்துடன் எழுதுகிறேன். நெருங்கிய இரத்த உறவில் திருமணம் நம் சமூகத்திலும் தமிழ்ச் சமூகத்திலும் வழக்கம். கொனெக்சின் 26 என்ற புரதத்துக்குரிய பரம்பரை அலகில் ஏற்படும் மாற்றம் பிறவிக் கேட்டல் இழப்புக்கு ஒரு முக்கிய காரணம் என்பது 1997இல் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரும் அந்த மாற்றத்தை மறைவாகச் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு அது வெளிப்படும். இதை யாரையும் குறைகூறச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால், பிறந்த உடனேயே பரிசோதிக்கலாம். இப்படியான விடயத்தை நம் குடும்பங்களிடம் பேசி நம்பிக்கையைப் பெறக்கூடியவர், நம் பண்பாட்டை உள்ளிருந்து அறிந்த ஒருவராகத்தான் இருக்க முடியும்.

வழி எது?

இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் பேச்சு மற்றும் கேட்டல் விஞ்ஞானச் சிறப்புப் பட்டப்படிப்பு உள்ளது. க.பொ.த. உயர்தரத்தின் பின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் உரிய பாடத் தகைமைகளைப் பார்த்து விண்ணப்பிக்கலாம். உயிரியல் பிரிவில் படிக்கும் நாங்கள் மருத்துவம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அழுகிறோம். அந்தக் கைந்நூலின் மற்றப் பக்கங்களை ஒருமுறையாவது புரட்டிப் பார்க்கவேண்டும்.

ஏற்கனவே இத்துறையில் கற்கின்ற சகோதரிகளுக்கு என் பணிவான வேண்டுகோள் இது. பட்டத்துக்காகச் செய்யும் இறுதியாண்டு ஆய்வை ஒரு கடமையாக முடித்து அலுமாரியில் வைத்துவிடாதீர்கள். வேலைக்குப் போனபின், "ஏன் இப்படி?" என்று தோன்றும் ஒவ்வொன்றையும் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரே கேள்வி பத்துத் தடவை எழுந்தால் அது ஆய்வுக்குரியது. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியைப் பெற்று, எண்ணத் தொடங்குங்கள். முதுமாணி, கலாநிதிப் பட்டங்களுக்கு மைசூர், சென்னை, இலண்டன், மெல்பேண் என்று வாசல்கள் உள்ளன. போய்ப் படித்துவிட்டு, கேள்வியை மட்டும் இங்கிருந்தே கொண்டு போங்கள்.

ஆய்வு எளிதான வழி அல்ல என்பதையும் மறைக்கக்கூடாது. வருமானம் பிந்தும். பல வருட உழைப்பின் முடிவில் 'எதிர்பார்த்தது நடக்கவில்லை' என்ற விடை வரலாம். அதுவும் விடைதான்; இன்னொருவர் அதே வழியில் போய்க் காலத்தை வீணாக்காமல் அது காக்கும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

என் வாப்பா, உம்மா உட்பட எல்லாப் பெற்றோருக்கும் இரண்டு விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, பெண்பிள்ளைக்கு ஆய்வு எதற்கு என்ற கேள்வி. நான் இருக்கும் உடுவில், 1824இல் பெண்களுக்கென்று விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்ட ஊர். அன்றும் 'பெண்ணுக்குப் படிப்பு எதற்கு' என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். பக்கத்து மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். பெண்கல்வியும் தமிழில் விஞ்ஞானமும் நமக்குப் புதியவை அல்ல.

இத்துறையில் பெண்களுக்கு ஒரு தனித் தேவையும் இருக்கிறது. காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அதிர்வுக் கருவியை வைக்கவும், மின்வாய் ஒட்டவும், அச்செடுத்துக் காதுக்கு அளவாக வார்க்கவும் தலையை மூடிய துணியை விலக்கவேண்டும். என் உம்மும்மா காது கேட்காமல் பல வருடம் இருந்தும் பரிசோதனைக்குப் போக மறுத்ததற்கு அது ஒரு காரணம். அங்கே ஒரு பெண் இருந்திருந்தால் அவர் போயிருப்பார். கேட்காததால் அவர் திருமண வீடுகளில் மூலையில் ஒதுங்கி இருந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இரண்டாவது, நீங்கள் ஆய்வாளர்கள் அல்லாவிட்டாலும் செய்யக்கூடிய ஒன்று. பிள்ளை மூன்று நான்கு மாதத்தில் உங்கள் குரலுக்கு அமைதியடைகிறதா, ஆறு ஏழு மாதத்தில் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறதா, ஒரு வயதில் ஓரிரு சொற்கள் வருகின்றனவா என்று பாருங்கள். கதவைத் தட்டியோ நிலத்தை உதைத்தோ பார்க்காதீர்கள், அதிர்வு ஏமாற்றிவிடும். சந்தேகம் இருந்தால் 'பிந்தித்தான் பேசும்' என்று காத்திராமல் கேட்டல் பரிசோதனை கேளுங்கள். தாயின் சந்தேகம் ஆய்வின் முதற்படி என்பதைச் சிட்னியின் அந்தக் காத்திருப்பு அறை காட்டியிருக்கிறது.

கேட்டல் இல்லாதவர்கள் குறைந்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். கைதடி நவீல்ட் பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளின் சைகை மொழி ஒரு முழுமையான மொழி. எந்த வழியாயினும் பிள்ளைக்கு ஒரு மொழி உரிய காலத்தில் கிடைக்கவேண்டும் என்பதே முக்கியம். அதற்குக் கருவியும் தேவைப்படலாம், சைகையும் தேவைப்படலாம், இரண்டும் தேவைப்படலாம்.

தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்குச் செவியால் உணர்தல் என்றும் வினாவுதல் என்றும் இரு பொருள் உண்டு. திருக்குறளில் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. நம் முன்னோர் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துவிட்டார்கள். செவிப்புலன் ஆய்வும் அந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

சாச்சியின் மகனுக்கு இப்போது ஆறு வயது. முதலாம் தரத்தில் படிக்கிறான். 'ச' இன்னும் சரியாக வரவில்லை. என்னைக் கூப்பிடும்போது 'ராத்தா' மட்டும் தெளிவாக வருகிறது. போன பெருநாளுக்கு வந்தவனிடம், பின்னால் நின்று மெதுவாக, "கதிரையை எடுத்துக்கொண்டு வாங்க" என்றேன். எடுத்து வந்தான். பிறகு "நாற்காலி என்றால் என்ன?" என்று கேட்டேன். "அதுவும் கதிரைதான், டீச்சர் சொன்னவர்" என்றான்.

அவனுக்கு இனி எந்தப் பட்டியலும் பயமில்லை. ஆனால் அந்தப் படங்களின் முன்னால் அடுத்ததாக அமரப்போகும் பிள்ளைக்குக் கதிரை இருக்கிற பட்டியல் வேண்டும். அதை எழுதுபவர் இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் ஒரு மாணவியாக இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.